கல்வி கருதிக் கொல்கத்தா

கல்வியின் பொருட்டுப் பிரிந்து செல்லுதல் தமிழருக்குப் புதியதன்று. ஊரையும் உற்றாரையும் நீங்கிக் கற்கச் செல்வதை ஓதற்பிரிவு எனத் தனியே பெயரிட்டு, அதற்கு மூன்று ஆண்டு என எல்லையும் வகுத்தார் தொல்காப்பியர். அவர் காலத்தில் பிரிந்து சென்றவன் ஆடவன். இல்லத்திலிருந்து நாளெண்ணியவள் பெண். இன்று நம் குடும்பங்களில் பெட்டி கட்டுபவள் பெண்ணாக இருக்கிறாள். நாளெண்ணுவோர் பெற்றோராக இருக்கின்றனர். எல்லையும் மாறிவிட்டது. பல்கலைக்கழக மானியக் குழு 2022-ஆம் ஆண்டில் வெளியிட்ட விதிகளின்படி, டாக்டர் பட்டத்துக்குரிய ஆராய்ச்சி மூன்று ஆண்டுக்குக் குறையலாகாது. ஆறு ஆண்டு வரை நீளலாம். தொல்காப்பியர் இட்ட மேல் எல்லையே இன்று கீழ் எல்லையாயிற்று.

எம் தமக்கை மகள் உளநூலில் முதுகலைப் பட்டம் பெற்றவள். மும்பையில் பிறந்து, வீட்டில் தமிழும் வீதியில் மராத்தியும் கல்லூரியில் ஆங்கிலமுமாக வளர்ந்தவள். மேற்கொண்டு டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்யப்போவதாகவும், அதனைக் கொல்கத்தாவில் செய்ய விரும்புவதாகவும் அவள் கூறியபோது, தமக்கையார் மூன்று வினாக்களை எழுப்பினார். "இது என்ன படிப்பு? பித்துப் பிடித்தவர்களோடு பழகுவதுதானே? மொழி தெரியாத ஊரில் ஒரு பெண் தனியே எப்படி இருப்பாள்? ஐந்தாறு ஆண்டு கழித்துத் திரும்பும்போது வயது முப்பது ஆகிவிடும், பிறகு என்ன?"

மூன்றும் நியாயமான வினாக்கள். நம் சங்கக் குடும்பங்கள் பலவற்றில் இவை இன்றோ நாளையோ எழக்கூடியவை. "நேரில் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்வோம், அக்கா" என்றோம். காலமும் நெருக்கிற்று. பெண் தேசியத் தகுதித் தேர்வில் தேறியிருந்தாள். ஆயினும் உதவித்தொகைக்குரிய முதல் வரிசையில் இடம் பெறவில்லை. அடுத்த வரிசையிலேயே நின்றாள். அவ்வரிசையினர் பெற்ற மதிப்பெண், டாக்டர் பட்டச் சேர்க்கைக்கு ஓராண்டு மட்டுமே செல்லும். அந்த ஓராண்டில் பாதி கழிந்திருந்தது.

ஆற்றின் கீழே

சென்ற ஜனவரித் திங்களில், சென்னையிலுள்ள பாட்டனாரைக் கண்டு வணங்கியபின், நாங்கள் மூவரும் ஹௌரா மெயிலில் புறப்பட்டோம். வழி 1,600 கிலோமீட்டருக்கு மேற்பட்டது. ஊர் மாறுவதை நிலையப் பலகைகளே அறிவிக்கின்றன. தமிழ் எழுத்து மறைந்து தெலுங்கு வருகிறது. கோதாவரி கடந்து நெடுந்தொலைவு சென்றபின் ஒடியா வருகிறது. மகாநதிக்கும் அப்பால், தலைக்கோடிட்ட வங்காள எழுத்து வருகிறது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் தமக்கையார் மகளை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

ஹௌரா நிலையத்துக்கு வெளியே வந்தால் 1943-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற பெரும்பாலம் கண்ணில் நிறைகிறது. 1965 முதல் அதற்கு இரவீந்திர சேது என்று பெயர். ஆனால் நாங்கள் ஆற்றின் மேலே செல்லவில்லை, கீழே சென்றோம். இந்தியாவில் நிலத்தடி இரயில் முதன்முதல் ஓடியது இந்நகரில்தான், ஆண்டு 1984. ஹூக்ளி ஆற்றுக்கு அடியிலேயே செல்லும் வழி 2024 மார்ச்சில் திறக்கப்பெற்றது. 2025 ஆகஸ்டு முதல் அவ்வழி சியால்தாவோடும் இணைந்துள்ளது. ஆற்றைக் கடக்கும் நேரம் முக்கால் நிமிடமே. தமக்கையார் கண்களை மூடி முருகனை நினைத்தார். கண் திறப்பதற்குள் அக்கரை வந்துவிட்டது.

சியால்தா, நம்மைப்போல் இடம்பெயர்ந்து வாழ்வோர் நின்று காணத்தக்க நிலையம். 1947-ஆம் ஆண்டுப் பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்கத்திலிருந்து வந்த அகதிகள் இந்நிலையத்தின் நடைமேடைகளிலேயே நாட்களையும் மாதங்களையும் கழித்தனர். வீடிழந்து வந்தவர்களை வாங்கிப் பழகிய நகரம் இது. படிக்க வரும் ஒரு பெண் இதற்குப் புதுமையல்லள்.

முதல் துறை

சியால்தாவிலிருந்து வடக்கே செல்லும் பெருவீதி ஆசாரியர் பிரபுல்ல சந்திரர் பெயரால் வழங்குகிறது. பழைய பெயர் மேல் வட்டச் சாலை. அதில் 92-ஆம் எண்ணில் நிற்பது இராஜாபஜார் விஞ்ஞானக் கல்லூரி. தாரகநாத் பாலித், இராஷ்பிஹாரி கோஷ் என்னும் இரு வழக்கறிஞர்கள் தாம் ஈட்டிய பெரும்பொருளை வழங்க, ஆசுதோஷ் முகர்ஜி 1914-ஆம் ஆண்டில் இதற்கு அடிக்கல் நாட்டினார். நகரத்தின் பெயர் 2001-இல் கொல்கத்தா என்று மாறியபோதிலும், இதனை நடத்தும் பல்கலைக்கழகம் இன்றும் கல்கத்தாப் பல்கலைக்கழகம் என்றே வழங்குகிறது. அது தோன்றிய 1857-ஆம் ஆண்டில்தான் நம் சென்னைப் பல்கலைக்கழகமும் தோன்றியது.

இக்கல்லூரியில் தமிழர் ஒருவரின் அடிச்சுவடு உண்டு. 1907-ஆம் ஆண்டில் அரசாங்கக் கணக்குத் துறை அதிகாரியாக இந்நகருக்கு வந்த சந்திரசேகர வெங்கட ராமன், பகலில் அலுவலகமும் மாலையில் பௌபஜார் தெருவிலிருந்த விஞ்ஞானச் சங்கத்தின் ஆய்வுக்கூடமுமாகப் பத்தாண்டு கழித்தார். 1917-இல் உயர்ந்த ஊதியமுடைய அப்பதவியைத் துறந்து, குறைந்த ஊதியத்துக்குப் பல்கலைக்கழகத்தில் பாலித் பேராசிரியர் ஆனார். 1930-இல் நோபல் பரிசு வந்தது. வருவாயைக் குறைத்துக்கொண்டு அறிவைத் தேடிய தமிழ்க் குடும்பத்தை இந்நகர் முன்பே கண்டிருக்கிறது என்று தமக்கையாரிடம் கூறினோம். "நோபல் பரிசு வரும் என்று முன்கூட்டியே தெரிந்தால் யாரும் விடுவார்கள், தம்பி" என்றார் அவர். அதற்கு விடை கூற இயலவில்லை.

உளநூலுக்கென இந்தியாவில் முதன்முதல் ஒரு பல்கலைக்கழகத் துறை அமைந்ததும் கல்கத்தாவில்தான். தத்துவப் பேரறிஞர் பிரஜேந்திரநாத் சீல் 1905-ஆம் ஆண்டிலேயே சோதனை உளநூலுக்குப் பாடத்திட்டம் வகுத்தார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பயின்று திரும்பிய நரேந்திரநாத் சென் குப்தாவின் தலைமையில் 1916-இல் துறை தொடங்கிற்று. பின்னர் 1924-இல் மைசூரிலும், 1943-இல் சென்னையிலும் உளநூல் துறைகள் தோன்றின. அதுவரை மனத்தைப்பற்றிய கல்வி, தத்துவ நூலின் ஓர் அறையில் குடியிருந்தது. இராதாகிருஷ்ணன் அவர்கள் 1921 முதல் இப்பல்கலைக்கழகத்தில் வகித்த தத்துவப் பேராசிரியர் பதவிக்கே மனநூல், அறநூல் இரண்டையும் இணைத்துத்தான் பெயர் வைத்திருந்தனர்.

"இது என்ன படிப்பு?" என்னும் முதல் வினாவுக்கு விடை இங்கே கிடைத்தது. உளநூல் பித்துக்கு மட்டும் உரிய நூலன்று. அடுப்பில் குக்கர் வைத்துவிட்டு, அண்டை வீட்டாரோடு பேசிக்கொண்டே, அது எத்தனை முறை கூவியது என்பதையும் எண்ணிக்கொள்கிறாள் ஒரு தாய். ஒரே நேரத்தில் இரண்டில் கவனம் செல்வது எப்படி? பேச்சு உணர்ச்சி மிகுந்ததானால் எண்ணிக்கை தவறுவது ஏன்? வயது ஏற ஏற இது குறைகிறதா? இவ்வாறு அளந்து அறியத்தக்க வினாக்களாக்கி, பலரிடம் சோதித்து, கணக்கிட்டு, முடிவு கூறுவதே சோதனை உளநூல். நினைவு, கற்றல், அச்சம், நட்பு, உழைப்புச் சோர்வு அனைத்தும் அதன் எல்லைக்குள் அடங்கும். நோயுற்ற மனம் அவற்றுள் ஒரு பகுதியே. இதனைக் கேட்டபின் தமக்கையார், "அப்படியானால் இது நம்மைப்பற்றிய படிப்புத்தான்" என்றார்.

பார்சி பாகான் சந்து, 14

விஞ்ஞானக் கல்லூரிக்கு அருகிலேயே பார்சி பாகான் என்னும் சந்து செல்கிறது. அதில் 14-ஆம் எண் இல்லத்தைக் காணவே பெண் பெரிதும் விரும்பினாள். இந்தியாவில் உளநூலில் முதன்முதல் டாக்டர் பட்டம் பெற்ற கிரீந்திரசேகர் போஸ் வாழ்ந்த இல்லம் அது.

போஸ் 1887-இல் பிறந்தவர். முதலில் மருத்துவர், 1910 முதல் நோயாளிகளைக் கவனித்து வந்தார். பல்கலைக்கழகத்தில் உளநூல் துறை தொடங்கியதும், முப்பது வயதை நெருங்கிய அம்மருத்துவர், மாணவராக அங்கே சேர்ந்து 1917-இல் முதுகலைப் பட்டம் பெற்றார். மனத்துள் அடக்கப்படும் விருப்பங்களைப்பற்றி எழுதிய ஆராய்ச்சிக்காக 1921-இல் டாக்டர் பட்டம் பெற்றார். அந்நூலை வியன்னாவிலிருந்த சிக்மண்டு பிராய்டுக்கு அனுப்பினார். பிராய்டு வியந்து விடை எழுத, ஏறத்தாழ பதினாறு ஆண்டு கடிதப் போக்குவரத்து நடந்தது. இருவரும் ஒருமுறையேனும் நேரில் சந்தித்ததில்லை. 1922-இல் இவ்வில்லத்திலேயே இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கம் நிறுவப்பெற்றது. பிராய்டின் எழுபத்தைந்தாம் பிறந்தநாளுக்கு, 1931-இல், தந்தத்தால் இயன்ற திருமால் திருவுருவம் ஒன்று கல்கத்தாவிலிருந்து சென்றது. அதனைப் பிராய்டு தம் எழுது மேசையில் வைத்துக்கொண்டார்.

இவற்றினும் சிறந்த செய்தி ஒன்று உண்டு. ஐரோப்பிய நோயாளிகளிடம் கண்ட சில மனக்குறிகளை எம் இந்திய நோயாளிகளிடம் அதே அளவில் யான் காணவில்லை என்று 1929-இல் போஸ் பிராய்டுக்கு எழுதினார். ஆசிரியராகப் போற்றியவரிடமே, அடக்கத்தோடும் துணிவோடும், தாம் கேட்டறிந்ததை மறைக்காமல் கூறினார். போஸ் கேட்டது வங்காளியரின் துயரம். அதனை அவர்கள் சொன்னது வங்காள மொழியில். வியன்னாவின் நூல்கள் அவருக்கு வழி காட்டின. ஆனால் செவி அவருடையதாக இருந்தது. மனத்தை ஆராயப் புகுவோர்க்கு இதனினும் சிறந்த பாடம் இல்லை.

அதே குடும்பத்தில் மற்றொரு செய்தி, இடம்பெயர்ந்து வாழும் நமக்கு உவப்பளிப்பது. கிரீந்திரசேகரின் தமையனார் இராஜசேகர் போஸ், வேதியியல் கற்றவர். பரசுராமர் என்னும் புனைபெயரில் நகைச்சுவைக் கதைகள் எழுதிப் புகழ் பெற்றவர். தந்தையார் பீகாரின் தர்பங்கா சமஸ்தானத்தில் திவானாக இருந்தமையால், அங்கே வளர்ந்த இராஜசேகர் குழந்தைப் பருவத்தில் வங்காளத்தினும் இந்தியையே மிகுதியாகப் பேசினார். அவரே பின்னாளில் 'சலந்திகா' என்னும் புகழ்பெற்ற வங்காள அகராதியைத் தொகுத்தார். வேற்று நிலத்தில் வளர்ந்த பிள்ளைக்குத் தாய்மொழி கைவிட்டுப் போகும் என்று அஞ்சும் பெற்றோர் இதனை நினைவிற் கொள்வாராக.

ஒரே சொல், இரு பொருள்

வழியில் ஆராய்ச்சி மாணவி ஒருத்தியோடு பேசும் வாய்ப்புக் கிட்டியது. முதியோரின் நினைவாற்றலைப்பற்றி ஆராய்பவள். எம் பெண் புள்ளிக் கணக்கைப்பற்றியும் கணிப்பொறி முறைகளைப்பற்றியும் கேட்டாள். அவள் புன்முறுவலோடு, "அவற்றைக் கற்றுக்கொள்ளலாம். உனக்கு வங்காளம் தெரியுமா?" என்று வினவினாள். தெரியாது, ஆனால் வடசொற்கள் பல இரு மொழிக்கும் பொது ஆகையால் விரைவில் கற்றுவிடலாம் என்று எம் பெண் விடையிறுத்தாள். "அந்தப் பொதுச் சொற்களிடம்தான் எச்சரிக்கையாக இரு" என்றாள் அம்மாணவி.

அன்று மாலை அவள் கூறிய சொற்களை எழுதிப் பார்த்தோம். ராகம் நமக்கு இசை. 'ராக்' என்றால் அவர்களுக்குக் கோபம். சேட்டை நமக்குக் குறும்பு. 'சேஷ்டா' என்றால் அவர்களுக்கு முயற்சி. உபந்நியாசம் நமக்குச் சமயச் சொற்பொழிவு. 'உபன்யாஸ்' அவர்களுக்கு நாவல். சம்சாரம் என்று நாம் மனைவியைக் குறிக்கிறோம். அவர்கள் அச்சொல்லால் குடும்பம் முழுவதையும் குறிக்கின்றனர். எல்லாவற்றினும் வியப்பு, அவசரம் என்னும் சொல். நமக்கு அது விரைவு. அவர்கள் நாவில் 'ஒபொஷொர்' என ஒலிக்கும் அதே சொல்லுக்குப் பொருள் ஓய்வு!

இவை சிரித்துவிட்டுப் போகத்தக்கவை. ஆனால் அபிமானம் என்னும் சொல் அவ்வாறன்று. நாம் அதனால் பற்றையும் மதிப்பையும் குறிக்கிறோம். வங்காளியர் 'ஒபிமான்' என்பது, அன்புக்குரியவர் நம்மைப் பொருட்படுத்தவில்லை என்று தோன்றும்போது வாய் திறவாமல் மனத்துள் எழும் வருத்தம். அயலாரிடம் அது தோன்றாது, நெருங்கியவரிடமே தோன்றும். சங்கத் தமிழ் ஊடல் என்று கூறியது இதற்கு அண்மையது. ஆயினும் ஊடல் காதலர்க்கு உரியது. ஒபிமான் தாய்க்கும் மகளுக்கும் இடையேயும் உண்டு. இவ்வேறுபாடு அறியாமல், "உமக்கு உம் மகனிடம் அபிமானம் உண்டா?" என்று ஒரு வினாத்தாளில் கேட்டால், அன்பைக் கேட்டதாக ஆராய்ச்சியாளர் எண்ணுவார், மனத்தாங்கலைக் கூறுவார் முதியவர். கணக்கு சரியாக இருக்கும். முடிவு முற்றும் தவறாக இருக்கும்.

இதன் பொருட்டே ஒரு மொழியில் ஆக்கிய வினாத்தாளை மற்றொரு மொழிக்குக் கொண்டு செல்லும்போது, ஒருவர் பெயர்க்க, மூலத்தைப் பாராத வேறொருவர் அதனை மீண்டும் முதல் மொழிக்குப் பெயர்த்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் முறையைக் கையாளுகின்றனர். பிறகு அவ்வூர் மக்கள் பலரிடம் சோதித்து, அவ்வூருக்குரிய அளவுகளை வகுக்கின்றனர். இதற்குப் புள்ளியியல் வேண்டும். அவ்வியலுக்கும் இந்நகர் தாயகம். பிரசாந்த சந்திர மகாலநோபிஸ் 1931-இல் நிறுவிய இந்தியப் புள்ளியியல் கழகம், நகரின் வடக்கே பாரக்பூர் நெடுஞ்சாலையில் இருக்கிறது. உளநூல் ஆராய்ச்சிக்கென்றே அங்கே ஒரு பிரிவும் உண்டு.

ஆகவே பெண்ணின் பயண ஆயத்தப் பட்டியலில் முதலிடம் மாறிற்று. கணிப்பொறியும் கம்பளியும் கீழே இறங்கின. வங்காள அரிச்சுவடி மேலே ஏறிற்று.

இருப்பும் உணவும்

இரண்டாம் வினா, தனியே வாழ்வது எப்படி என்பது. தெற்குக் கொல்கத்தாவில் ஏரிச் சந்தை என்னும் லேக் மார்க்கெட் சுற்றுப்புறம் நெடுங்காலமாகத் தமிழர் வாழ்ந்த பகுதி. அங்கே இட்டிலிக் கடை உண்டு. காப்பிக்கொட்டை வறுத்து அரைக்கும் மணம் உண்டு. வாழை இலையும் தொடுத்த மல்லிகையும் கிடைக்கும். தமக்கையார் முகம் மலர்ந்தது. "இங்கேயே அறை பார்த்துவிடலாம்" என்றார்.

பெண் உடன்படவில்லை. "இங்கேயே இருந்தால், அம்மா, நான் வந்தது கொல்கத்தாவுக்காக இராது. வாரம் ஒருமுறை வருகிறேன்" என்றாள். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. முதல் சில திங்களுக்கு நம்மவர் சூழல் துணை செய்யும். அதன்பின், துறைக்கு நடந்து செல்லும் தொலைவில், வங்காள மாணவியரோடு வாழும் விடுதியோ இல்லமோ நன்று. சமையலறையில் கேட்கும் மொழியே மனத்தின் மொழி; அதனை வகுப்பில் கற்க இயலாது.

உணவைப்பற்றி அஞ்ச வேண்டுவதில்லை. வங்காளியர் நம்மைப்போலவே சோறுண்போர். கடையில் 'சித்தோ சால்' என்றால் புழுங்கலரிசி. 'ஆதப் சால்' என்றால் பச்சரிசி. கடுகெண்ணெயின் நெடியும், பல கறிகளில் கலக்கும் சர்க்கரையும் பழகச் சில நாள் ஆகும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. தெருக்களில் நீர் தேங்கும். நல்ல குடையும் நீர் புகாத புத்தகப் பையும் இன்றியமையாதவை. துர்க்கா பூசையை ஒட்டிப் பல்கலைக்கழகம் நீண்ட விடுமுறை விடும். யுனெஸ்கோ 2021-இல் மனிதகுல மரபுச் செல்வமாகப் பதிவு செய்த விழா அது. அவ்விடுமுறைக்கு ஊர் திரும்ப விரும்புவோர் இரயில் இருக்கையை மிக முன்னதாகப் பதிவு செய்தல் வேண்டும். பூசையைக் காண விரும்புவோர் அங்கேயே இருத்தல் வேண்டும். முதல் ஆண்டு இருந்து காண்பதே நன்று என்பது எம் கருத்து.

அலிப்பூரிலுள்ள தேசிய நூலகத்துக்கும் சென்றோம். அங்கே தமிழ் நூல்களுக்கெனத் தனிப் பிரிவு உண்டு. தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியராக விளங்கிய வையாபுரிப் பிள்ளை அவர்கள் சேர்த்துவைத்த நூல்களும் அந்நூலகத்தையே அடைந்தன. தாய்மொழி நூலைக் கையில் எடுக்க ஓரிடம் உண்டு என்பது தனித்திருப்போர்க்குச் சிறு துணையன்று.

தனிமையையும் வெளிப்படையாகப் பேசிவிடுதல் நலம். வங்காளத்தில் 'மொன் கேமொன் கொரா' என்றொரு வழக்கு உண்டு. மனசு என்னவோ போல் இருக்கிறது என்று நாம் கூறுவதே அது. உளநூல் கற்பவர்க்கு அது வாராது என்று எண்ணுதல், மருத்துவர்க்குக் காய்ச்சல் வாராது என்று எண்ணுதல் போலும். டாக்டர் பட்ட மாணவர்க்கு ஆண்டுக்கணக்கில் வகுப்புத் தோழர் கூட்டம் இல்லை, தேர்வு இல்லை, இன்று என்ன முடித்தோம் என்று காட்ட ஒன்றும் இராத நாட்கள் பல. வாரம் ஒரு நாள், குறித்த நேரத்தில், வீட்டாரோடு பேசுதல் வேண்டும். அப்பேச்சில் "எப்போது முடியும்?" என்னும் வினாவை வீட்டார் தவிர்த்தல் வேண்டும். மனத் துயர் மிகுந்தால், 2022 அக்டோபரில் அரசாங்கம் தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையைக் கட்டணமின்றி 14416 என்னும் எண்ணில் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

பொருளும் காலமும்

இனி மூன்றாம் வினா. இதில் உணர்ச்சிக்கு இடம் கொடாமல், விதிகளை நேரே பார்த்தல் நலம்.

முதுகலையில் 55 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்பட்டோர், மாற்றுத் திறனாளிகள் முதலியோர்க்கு 5 விழுக்காடு தளர்வு உண்டு. 2024 முதல் தேசியத் தகுதித் தேர்வு முடிவு மூன்று வரிசையாக வெளிவருகிறது. முதல் வரிசையினர்க்கு ஆராய்ச்சி உதவித்தொகை உண்டு. 2023 ஜனவரியில் உயர்த்தப்பட்டபடி அது முதல் இரண்டு ஆண்டு திங்களுக்கு 37,000 ரூபாய். பின்னர் 42,000 ரூபாய். வீட்டு வாடகைப்படி தனி. மற்ற இரு வரிசையினர்க்கு அத்தொகை இல்லை. சேர்க்கையில் தேர்வுக்கு 70 பங்கும் நேர்முகத்துக்கு 30 பங்கும் மதிப்பு உண்டு. பல்கலைக்கழகங்கள் தாமே நடத்தும் தேர்வுகளும் இருக்கலாமாதலின், ஒவ்வொன்றின் அறிவிப்பையும் தனித்தனியே படித்தல் வேண்டும்.

உதவித்தொகை இல்லாது சேர்வோர், முதல் ஆண்டுச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு சேர்தல் நலம். மீண்டும் தேர்வெழுதி முதல் வரிசையை அடைய வழி உண்டு. எம் பெண்ணும் அவ்வாறே முயல்கிறாள்.

வழிகாட்டியாகும் ஆசிரியரைத் தேர்தல் கல்லூரியைத் தேர்தலினும் முதன்மையானது. பேராசிரியர் எட்டுப் பேரையும், இணைப் பேராசிரியர் அறுவரையும், உதவிப் பேராசிரியர் நால்வரையும் மட்டுமே ஒரே காலத்தில் வழிநடத்தலாம். ஆகவே அவர்தம் கட்டுரைகளைப் படித்து, இடம் உள்ளதா என்று முன்னரே மரியாதையாக எழுதிக் கேட்டல் முறை. நேர்முகத்தில் "நான் மனத்தைப் புரிந்துகொள்ள விரும்புகிறேன்" என்பது விடையன்று. எவரிடம், எதனை, எவ்வாறு அளக்கப்போகிறோம் என்று இரண்டு பக்கத்தில் எழுதத் தெரிந்திருக்க வேண்டும்.

மற்றொன்றைப் பெற்றோர் தெளிவாக அறிதல் வேண்டும். உளநூலில் டாக்டர் பட்டம் வேறு. நோயாளிக்கு மனச் சிகிச்சை அளிக்கும் உரிமை வேறு. மருத்துவ உளநூலராகத் தொழில் செய்ய, இந்திய மறுவாழ்வுக் குழு ஏற்ற பயிற்சியும் அதன் பதிவும் வேண்டும். ஆராய்ச்சிப் பட்டம் ஆசிரியப் பணிக்கும் ஆராய்ச்சிக்கும் உரியது. எது வேண்டும் என்பதை முதலிலேயே தீர்மானித்தால் பின்னர் வருந்த நேராது.

திருமணத்தைப்பற்றித் தமக்கையார் மெல்லக் கேட்டார். அதற்கும் விதியில் விடை உண்டு. பெண்களுக்கு உரிய காலத்துக்கு மேல் இரண்டு ஆண்டு தளர்வு உண்டு. மகப்பேறும் குழந்தை வளர்ப்பும் கருதி 240 நாள் விடுப்பு உண்டு. திருமணத்தால் ஊர் மாற நேரின், செய்த ஆராய்ச்சியை வேறு பல்கலைக்கழகத்துக்கு எடுத்துச் செல்லவும் இடம் உண்டு. படிப்பா, வாழ்வா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கட்டாயம் விதியில் இல்லை. நம் அச்சத்தில்தான் இருந்தது.

ஊர் திரும்பும் வழியில் தமக்கையார் நெடுநேரம் பேசவில்லை. தெலுங்கு எழுத்துப் பலகைகள் தோன்றத் தொடங்கியபோது, மகளை நோக்கி, "இடம் கிடைப்பது உன் கையில். அனுமதி என் கையில் இருந்தது, கொடுத்துவிட்டேன். ஆனால் ஆறு மாதத்தில் அந்த மொழியில் எனக்கு ஒரு பக்கம் படித்துக் காட்டவேண்டும்" என்றார். பெண் இப்போது நாள்தோறும் ஒரு மணி நேரம் வங்காளம் எழுதிப் பழகுகிறாள். நேர்முகம் இனித்தான் வரவேண்டும்.

அன்பர்களே, நம் பிள்ளைகள் பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் ஊர் கடந்து செல்லும்போது நாம் கேட்காத வினாக்களை, மனத்தைக் கற்கச் செல்லும்போது கேட்கிறோம். கேட்பதில் தவறில்லை, விடையையும் தேடிச் சென்று கேட்டல் வேண்டும். மொழி தெரியாத ஊரில் குடியேறி, அவ்வூரார் கோபத்தையும் அன்பையும் பிரித்தறியக் கற்று வாழ்ந்தவர்கள் நாம். ஒரு வகையில் நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் பட்டம் பெறாத உளநூலர்களே. அவர்கள் பட்டறிவால் பெற்றதை நம் மகளிர் முறையாகக் கற்கப் புறப்படுகின்றனர்.

கொல்கத்தாவில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். நூல் நிலையத்திலிருந்தும் ஆய்வுக்கூடத்திலிருந்தும் களைத்து வரும் மாணவர் ஒருவருக்கு, ஞாயிறுதோறும் உங்கள் பந்தியில் ஓர் இலை கூடுதலாக இடுங்கள். வந்தவரிடம் ஆராய்ச்சி எப்போது முடியும் என்று கேளாதீர்கள். குழம்புக்கு உப்புச் சரியா என்று கேளுங்கள்.